ரோட்டுக்கு மணந்தால் நட்டம்

கோத்தகிரிக்குப் போகிற வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டி என் மாமாவுக்கு ஒரு தைலக் கொட்டகை இருந்தது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாலும் அந்த வளைவு வந்ததை மூக்கு சொல்லிவிடும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்து, மார்பு நிறைய இழுத்து, "ஆஹா, இதுதான்யா மலைக்காத்து" என்பார்கள். மாமாவுக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் முகம் மாறிவிடும். "ரோட்டுல போறவனுக்கு மணக்குதுன்னா, நம்ம காசு காத்துல போகுதுன்னு அர்த்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய், அண்டா மூடியைச் சுற்றிப் பூசிய மண்ணில் எங்கே விரிசல் என்று தேடுவார். விரிசல் இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பார். தண்ணீர் சுட்டால் அன்றைக்கு யாருக்காவது வசவு நிச்சயம். பள்ளி விடுமுறைகளில் அந்த வசவை வாங்கியவன் பெரும்பாலும் நான்தான். தொட்டிக்கு ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிடுவது என் வேலை.

கொட்டகை என்று சொன்னாலும் அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. மூன்று பக்கம் தகரம், நடுவில் கல் அடுப்பு, அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு செம்பு அண்டா. கற்பூர மரத்து இலையை அதில் மிதித்து மிதித்து அடைப்பார்கள். யூகலிப்டஸுக்கு நீலகிரியில் கற்பூர மரம் என்றுதான் பெயர். கீழே இறங்கினால் தைல மரம். பெரும்பாலும் பறித்த இலை இல்லை, உதிர்ந்த இலை. காட்டில் பெண்கள் பெருக்கிக் கூட்டிச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, ஓரத்தில் துணியைச் சுற்றி அதன்மேல் களிமண் பூசுவார்கள். சித்த வைத்தியர்கள் இதையே சீலைமண் என்பார்கள். மூடியிலிருந்து கிளம்பும் குழாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கி, மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதன் வாயில் ஒரு தகர டின். காலையில் அடுப்பு மூட்டினால், சாயங்காலம் வரை அந்த டின்னில் சொட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

டின்னில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது தைலம். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ கிடைத்தால் நல்ல நாள். வெளியேறிய தண்ணீரிலும் லேசாக வாசனை இருக்கும். அத்தை அதைக் குடத்தில் பிடித்துப் போய் வீடு துடைப்பார். எங்களுக்கெல்லாம் சளி பிடிக்காததற்கு அதுதான் காரணம் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். சளி பிடித்தது என்பது வேறு விஷயம்.

கல்லூரியில் வேதியியல் படிக்கும்போது ஒரு கணக்கு இடித்தது. இந்த எண்ணெயின் முக்கியச் சரக்கான சினியோல் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். தண்ணீர் இருக்கும் அண்டாவோ நூறைத் தாண்டாது. அப்படியானால் தைலம் எப்படி ஆவியாகி வெளியே வருகிறது? பதில் எளிது, ஆனால் அழகு. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது. கலக்காத இரண்டைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இரண்டின் ஆவியழுத்தமும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைத் தனித்தனியாக வெல்ல வேண்டியதில்லை. இருவருமாகச் சேர்ந்து முட்டினால் போதும், கொதி வந்துவிடும். தண்ணீராவியின் கையைப் பிடித்துக்கொண்டு சினியோல் நூறு டிகிரிக்குக் கீழேயே வெளியேறிவிடுகிறது. அதிகச் சூடு படாததால் கருகுவதும் இல்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அரிசி வேக நேரமாகும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. தைலத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நம் மொழிக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம்தான். வடிகலனுக்கு வாலை என்று பெயர். வாலையில் இட்டு வடித்தது தீநீர். வயிற்று வலிக்குப் பாட்டி கொடுக்கும் ஓம வாட்டரின் முறையான பெயர் ஓமத் தீநீர். தீயில் பிறந்த நீர் என்று பெயர் வைத்தவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டை எண்ணியவனாகத்தான் இருக்க வேண்டும். படிகாரமும் வெடியுப்பும் போட்டுத் திராவகம் வடித்ததும் இதே வாலையில்தான். சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. என் மாமாவிடம், "தைலம் மட்டும்தான் காய்ச்சுறீங்களா?" என்று கேட்டு வந்த போலீஸ்காரர்கள் எத்தனையோ பேர்.

படிப்பு முடிந்து கோவையில் வாசனை எண்ணெய் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, தைலத்தில் சினியோல் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. ஐரோப்பிய மருந்து நூலின்படி 70 சதவீதமாவது இருக்க வேண்டும். நீலகிரித் தைலம் காய்ச்சி எடுத்த நிலையில் பெரும்பாலும் அதை எட்டாது. அப்போது எங்களிடம் இருந்த வழி பழைய வழி. மூன்று கிராம் எண்ணெயோடு 2.1 கிராம் ஆர்த்தோ கிரெசால் சேர்த்து, சூடாக்கி உருக்கி, ஆறவிட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் சட்டென்று வெள்ளையாக உறையும். அந்தக் கணத்தில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் சினியோல் சதவீதம் தெரிந்துவிடும். முழுக்கச் சினியோல் என்றால் 55 டிகிரியை ஒட்டி உறையும். குறையக் குறைய உறைநிலையும் இறங்கும். மாமா அனுப்பிய டின் ஒன்றை நானே சோதித்து, தேறவில்லை என்று எழுத வேண்டி வந்தது. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

கிரெசாலின் வாசனை உங்களுக்கும் தெரியும். கழிவறை கழுவும் கறுப்பு ஃபினாயிலின் நெடி அந்தக் குடும்பத்தினுடையது. அதன் பூர்வீகம் நிலக்கரித் தார். ஒரு வடிநீரின் தரத்தைப் பார்க்க இன்னொரு வடிநீர் வேண்டியிருக்கிறதே என்று யோசித்துத்தான் நான் தாரின் கதையைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு வேறு எந்தக் கதையும் எனக்கு அவ்வளவு சுவைக்கவில்லை.

லண்டன் தெருக்களுக்கு விளக்கேற்ற 1812 முதல் பெரிய அளவில் வாயு தயாரித்தார்கள். காற்றுப் படாமல் நிலக்கரியைச் சூடாக்கினால் வாயு வரும். கூடவே கறுப்பாகப் பிசுபிசுவென்று தாரும் வரும். அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் வழி கிடைத்தது. முதலில் வரும் லேசான நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி, 1823இல் சார்ல்ஸ் மேக்கின்டாஷ் மழைக்கோட்டு செய்தார். பின்னால் வரும் கனமான எண்ணெயை மரத்துக்குள் அழுத்தி ஏற்றினால் கரையான் அண்டாது, மக்காது என்று ஜான் பெத்தெல் 1838இல் காப்புரிமை வாங்கினார். கிரியோசோட் என்ற அந்த எண்ணெய் இல்லாவிட்டால் உலகத்து ரயில் பாதைகளுக்கு மரக் கட்டை போட்டே கட்டுப்படியாகியிருக்காது. வெயில் நேரத்தில் பழைய ரயில் பாதை ஓரம் நடந்தவர்களுக்கு அந்த நெடி நினைவிருக்கும்.

முதலில் வரும் அந்த லேசான பகுதியையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்தவர் சார்ல்ஸ் மேன்ஸ்ஃபீல்டு. ஹாஃப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியரிடம் லண்டனில் வேலை பார்த்தவர். கொதிநிலை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, தாரிலிருந்து பென்சீனையும் டொலுவீனையும் படிப்படியாக வடித்தெடுத்தார். 1855 பிப்ரவரியில் பாரீஸ் கண்காட்சிக்காகப் பென்சீன் வடித்துக்கொண்டிருந்தபோது வடிகலன் பொங்கித் தீப்பிடித்தது. கட்டடம் எரிந்துவிடக் கூடாதென்று எரிகிற கலத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். சில நாட்களில் இறந்துபோனார். வயது 35. அடுத்த ஆண்டே, அதே ஹாஃப்மனின் மாணவன் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து, மலேரியா மருந்தான குயினைன் செய்யப் போய், ஊதாச் சாயத்தில் கொண்டுபோய் முடித்தான். செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்குகிறது. பெர்கினால் செய்ய முடியாத குயினைனுக்காகத்தான் 1860களில் எங்கள் நீலகிரியில் சிங்கோனா மரங்களை நட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். எங்கோ ஒரு சோதனைக் குழாயில் தோற்றது, இங்கே மலையின் முகத்தை மாற்றியிருக்கிறது.

இப்போது தைலத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

ஆஸ்திரேலியாவில் 1850களில் மெல்போர்னில் மருந்துக் கடை வைத்திருந்த ஜோசப் போசிஸ்டோ, ஃபெர்டினாண்ட் ஃபான் மியூலர் என்ற தாவரவியலாளரின் தூண்டுதலில் யூகலிப்டஸ் எண்ணெயை வியாபாரமாகக் காய்ச்ச ஆரம்பித்தார். ஆனால் யூகலிப்டஸில் நூற்றுக்கணக்கான இனங்கள். எல்லாவற்றிலும் சினியோல் கிடையாது. சிலவற்றின் எண்ணெயில் ஃபெலாண்ட்ரீன், பிப்பெரிட்டோன் என்று வேறு சரக்குகள் மிகுதி. மருந்துக்காரர்கள் அதை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். என்னைப் போல ஒருவன் அங்கேயும் உட்கார்ந்து, தேறவில்லை என்று எழுதியிருப்பான்.

அதே நாட்டில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கடைக்கோடியில் புரோக்கன் ஹில் இருக்கிறது. 1883இல் அங்கே வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் கலந்த பெரும் கனிமப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. ஈயத்தை எடுத்துவிட்டார்கள். துத்தநாகம் மட்டும் மசியவில்லை. கனமானது கீழே தங்கும், லேசானது அடித்துப் போகும் என்பதுதான் அன்றைய முறை. துத்தநாகத் தாதுவும் அதோடு ஒட்டி வந்த வெறும் கல்லும் கிட்டத்தட்ட ஒரே எடை. எப்படி அலசினாலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அரைத்த மண்ணை மலைமலையாகக் குவித்துவைத்து, அதற்குள் இருக்கும் காசை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி தெரிந்தது. பொடித்த தாதுவைத் தண்ணீரில் கலக்கி, துளி எண்ணெய் விட்டு, காற்றை அடித்து நுரைக்கவிட வேண்டும். உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு தாதுத் துகள்களுக்குத் தண்ணீரை விட எண்ணெயும் காற்றும்தான் பிடிக்கும். அவை குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். வெறும் கல் நனைந்து அடியில் தங்கும். நுரையை வழித்தெடுத்தால் தாது. எந்த எண்ணெய் நல்ல நுரை தரும் என்று தேடியபோது யூகலிப்டஸ் எண்ணெய் கைகொடுத்தது. அதிலும் மருந்துக்காரர் தள்ளிய ஃபெலாண்ட்ரீன் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, சுரங்கத்துக்கு அது போதும். டன் கணக்கான தாதுவுக்குச் சொற்ப எண்ணெய்தான் தேவை; ஆனால் டன்கள் முடிவதே இல்லை. 1920களில் சாந்தேட் என்ற ரசாயனங்கள் வந்து நிலைமை மாறும் வரை, காட்டில் இலை காய்ச்சியவர்களுக்குச் சுரங்கம் ஒரு நல்ல வாடிக்கையாளர். நுரைக்கு அப்புறம் பைன் எண்ணெய் பேர்பெற்றது. அதுவும் பைன் மரக் கட்டைகளிலிருந்து வடித்ததுதான்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கல்லு மிதக்குமாடா?" என்றார். ஒரு கண்ணாடித் தம்ளரில் செய்து காட்டலாம் என்று நினைத்தேன், தாதுவுக்கு எங்கே போவது. கடைசியில், "சரி, அவன் வாங்குனானா இல்லையா, அதச் சொல்லு" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஒருவர் வேண்டாம் என்றதை இன்னொருவர் வந்து வாங்கிப் போவது இந்தத் தொழிலில் ஓயாத கதை. அமெரிக்காவில் 1859இல் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது எல்லாருக்கும் வேண்டியிருந்தது விளக்கெரிக்கச் சீமெண்ணெய் மட்டும். வடிக்கும்போது அதற்கு முன்னால் வரும் பெட்ரோல் ஒரு தொல்லை, பற்றிக்கொள்ளும், விற்காது. பலர் கொட்டித் தீர்த்தார்கள். மோட்டார் வண்டி வந்து, தொல்லை முதலாளியாகிவிட்டது. 1969இல் உற்பத்தி தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு, அது மாமாவின் அண்டாவின் பெரியண்ணன் என்று சொன்னால் புரியாது. ஆனால் சங்கதி அதுதான். கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். லேசானது உச்சிக்குப் போகும், அடுத்தடுத்த தட்டுகளில் மண்ணெண்ணெய், டீசல் என்று தங்கும், எதற்கும் அசையாதது கடைசியில் ரோட்டுக்குத் தாராகும்.

சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகும் அப்படித்தான். புளிக்கவைத்து வடித்தால் ஸ்பிரிட். இதில் ஒரு விசித்திரம் உண்டு. எத்தனை முறை மறுபடி மறுபடி வடித்தாலும் 95, 96 சதவீதத்தைத் தாண்டாது. அந்த அளவில் சாராயமும் தண்ணீரும் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் மாதிரி ஒரே கொதிநிலையில் சேர்ந்தே கிளம்பும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் அந்த மிச்சத் தண்ணீர் இருக்கக் கூடாது என்பதால், தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் சல்லடைக் குருணைகள் வழியாக ஆவியை அனுப்பி எடுக்கிறார்கள். வடிக்கும்போது தனியே பிரியும் காட்டமான ஃபியூசல் எண்ணெய், வாழைப்பழ எசன்ஸுக்கும் பெயின்ட் கரைப்பானுக்கும் மூலப்பொருள். கல்யாண வீட்டுப் பாயசத்தில் வாழைப்பழ வாசனை அடித்தால் நான் சாப்பிடாமல் ஒரு நிமிடம் யோசிப்பேன். என் மனைவிக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குப் பத்து லிட்டர் போல மிஞ்சும் பழுப்புக் கழிவுநீரைத்தான் நீண்ட காலம் யாரும் வந்து கேட்கவில்லை. ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் அதைப் பற்றி விசாரித்தால் என் மாமாவின் வசவெல்லாம் தாலாட்டு.

மாமாவின் கொட்டகை இப்போது இல்லை. ஒரு காரணம் விறகு. இலையிலிருந்து ஒரு டின் எண்ணெய் எடுக்க எவ்வளவு எரிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் மனசு கேட்காது, கை மட்டும் கேட்கும். இன்னொன்று சீனச் சரக்கு. உலகச் சந்தையில் யூகலிப்டஸ் எண்ணெய் என்று பீப்பாயில் வருவதில் பெரும்பங்கு சீனாவினுடையது. அதிலும் கொஞ்சம் யூகலிப்டஸே இல்லை. அசல் கற்பூர மரத்தின் எண்ணெயிலிருந்து பிரித்த சினியோல். நாங்கள் கற்பூர மரம் என்று தப்பாகக் கூப்பிட்டதற்கு இப்படி ஒரு பழிவாங்கல்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1843இல் நீலகிரிக்கு வந்த இந்த மரம், விறகுக்காகவும் அப்புறம் ஆலைகளுக்காகவும் புல்வெளிகளின் மேல் பரப்பப்பட்டது. சோலைகளும் புல்லும் மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு விட்ட இடத்தில், கற்பூரம் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொண்டது. நான் சின்ன வயதில் தொட்டிக்குத் திருப்பிவிட்ட அந்த ஓடை, பங்குனி சித்திரையில் இப்போது வெறும் கல். எங்கள் குடும்பம் அந்த மரத்தில்தான் சாப்பிட்டது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு கடையில், 'அசல் நீலகிரித் தைலம்' என்று ஒட்டியிருந்த பாட்டில் ஒன்று வாங்கினேன். விலை சந்தேகப்படும்படி மலிவு. கூடத்தில், கலவையில் இருக்கும் ஒவ்வொரு சரக்கையும் தாளில் தனித்தனி முகடாக வரைந்து காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் ஏற்றினேன். சினியோலுக்கு முன்னால், இருக்கவே கூடாத இடத்தில், 3-கேரீன் என்ற பொருளின் முகடு கொடிக்கம்பம் மாதிரி நின்றது. நீலகிரி இலையில் அதற்கு வேலை இல்லை. நம் ஊர் பைன் மரத்து டர்பன்டைனில்தான் அது கொட்டிக் கிடக்கும். கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் கலக்குகிற அதே டர்பன்டைன்.

மாமாவுக்கு 84 வயது. மூட்டு வலிக்குத் தினமும் தைலம் தேய்ப்பவர். தாளை எடுத்துப் போய்க் காட்டி, பாதிக்குப் பாதி டர்பன்டைன், தேய்க்க வேண்டாம் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து மோந்தார்.

"டர்பன்டைனும் காய்ச்சி வடிச்சதுதானடா மாப்ள?"

"ஆமா மாமா."

"அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு முட்டியில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். மூடியை இறுக்கித் திருகினார். ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு இன்னும் ஒரு திருகு திருகினார்.